அம்மாவே கேட்ட கேள்வி

வணக்கம் அண்ணா,

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். எட்டு மாதமாக முகம் கீறிப் பழகுகிறேன். ஆரிடமும் படிக்கவில்லை. போனில் உள்ள படங்களைப் பார்த்து 2பி முதல் 8பி வரையான பென்சில்களால் கீறுவேன். கண், மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியாக வடிவாக வருகிறது. போன கிழமை அம்மாவைக் கீறிக் காட்டினேன். "ஆர் பிள்ளை இது?" என்று கேட்டா. படத்தை இணைத்திருக்கிறேன். பென்சிலை விட்டுக் கரிக்கு மாறினால் சரிவருமா? நான் பிறக்க முதலே மோசம்போன அம்மம்மாவை வருகிற திவசத்துக்கு முன் கீற ஆசை. இருப்பது அடையாள அட்டைப் படம் மட்டும். மற்றதெல்லாம் 1995 இடப்பெயர்வில் போய்விட்டது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

அம்மா கேட்டதை விட நல்ல விமர்சனம் உங்களுக்குக் கிடைக்காது. கோபிக்க வேண்டாம்.

கண், மூக்கு, வாய் தனித்தனியாக வருகிறது என்கிறீர்கள். கோளாறு அங்கேதான். தூரத்தில் சைக்கிளில் வருகிற ஆளை இன்னார் என்று சந்தியில் நின்றே சொல்லிவிடுகிறோம். அப்போது இமையா தெரிகிறது? நெற்றியின் அகலம், கண்குழியின் இருட்டு, நாடி கழுத்தில் விழுத்தும் நிழல், இவ்வளவுதான். சாயல் இந்தப் பெரிய துண்டுகளில் இருக்கிறது. கூரான பென்சில் கையில் இருந்தால் இமைமயிர் கீறத்தான் மனம் போகும். மொத்தக் கரிக்கட்டியால் இமைமயிர் கீற முடியாது. கரிக்கு மாறுங்கள் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் அதுதான்.

இன்னொன்று கறுப்பு. பென்சிலுக்குள் இருப்பது காரீயமும் (கிராபைட்) களிமண்ணும். பொகல சுரங்கத்தில் வெட்டுகிறார்களே, அதே காரீயம். களிமண் குறையக் குறைய பி எண்ணும் கறுப்பும் கூடும். ஆனால் 8பியை எவ்வளவு அழுத்தினாலும் வெளிச்சம் பட்டால் மினுங்கும். கரி மினுங்காது, இருட்டு இருட்டாகவே நிற்கும். பென்சிலால் அழுத்தித் தேய்த்த இடத்தில் பிறகு கரி பிடிக்காது. இரண்டையும் கலப்பதென்றால் கரியில் தொடங்குங்கள்.

கரிக்குக் கொழும்புக்குச் சொல்லி அனுப்பத் தேவையில்லை. நன்றாகக் காய்ந்த மெல்லிய பூவரசங் குச்சிகளைத் தோல் உரித்து, மூடியுள்ள தகர டின்னில் நெருக்கி அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரு துளை. அடுப்பில் வைத்தால் துளையால் புகை வரும். அது அடங்கியதும் இறக்கி, முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும். நான் முதல்தரம் அவசரப்பட்டுத் திறந்து ஒரு டின் சாம்பலைத்தான் கண்டேன். சிரட்டைக்கரி வேண்டாம், பேப்பரைச் சுரண்டும். வெளிச்சமான இடங்களை எடுக்கப் பாணின் நடுச்சதையை உருட்டி ஒற்றுங்கள். அழிறப்பர் வருமுன் ஐரோப்பியச் சித்திரக்காரர் செய்ததும் அதுதான். எறும்புக்கு நான் பொறுப்பில்லை.

போனை வைத்துவிட்டு, பின்னேரம் நாலு மணிக்கு அம்மாவை விறாந்தையில், வெளிச்சம் ஒரு பக்கத்தால் விழும்படி இருத்துங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மூக்கும் வாயும் மங்கி, நிழல் ஒரே துண்டாகத் தெரியும். அந்தத் துண்டைக் கரியின் பக்கவாட்டால் முதலில் பூசுங்கள். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த பேப்பர். கண் வரவேண்டிய இடம் உச்சந்தலைக்கும் நாடிக்கும் ஏறக்குறையச் சரிபாதி. பழகாத கை நெற்றியைக் குறுக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடும். நீங்கள் அனுப்பிய படத்திலும் அப்படித்தான் ஏறியிருக்கிறது.

அடையாள அட்டைப் படம் கடைசிக்கு இருக்கட்டும். முகத்துக்கு நேரே வெளிச்சம் அடித்து எடுத்த படத்தில் நிழலே இராது. இப்படியான படங்களைப் பெருப்பித்து, செத்தவரின் நினைவாக அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லா அம்மம்மாக்களும் ஒரே ஆள் போல இருப்பினம். கட்டம் போட்டுப் பெருப்பித்தாலும் இல்லாத நிழல் வராது. அம்மாவின் முகத்தில் எது அம்மம்மாவுடையது, நெற்றியா நாடியா என்று மாமாமாரைக் கேளுங்கள். அந்த இடத்து நிழலை அம்மாவிடமிருந்தே எடுக்கலாம். அதற்கு அவவை முப்பது தரமாவது கீறியிருக்க வேண்டும்.

திவசம் எந்த மாதம் என்று எழுதவில்லை. மூன்று மாதத்துக்குள் என்றால் இந்த வருசத்தை விட்டுவிடுங்கள்.