‘எனக்கு வராதும்மா!’
குழந்தை நலம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னால் ஒரு தடவை முயன்றுவிட்டு ‘எனக்கு வராதும்மா’ என்று சட்டையை வீசுகிறான். படம் வரையும்போது கோடு கோணினால் தாளையே கிழிக்கிறான். ‘நீ கெட்டிக்காரப் பிள்ளைல்லா’ என்று பாராட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பிறகு ஏன் இப்படி?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அந்தப் பாராட்டில்தான் சிக்கல். ‘கெட்டிக்காரன்’ என்பது நாம் சூட்டும் பட்டம். பட்டம் வாங்கியவனுக்கு அது பறிபோய்விடுமோ என்ற பயமும் கூடவே வரும். மெலிசா கமின்ஸ், கேரல் டுவெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. ‘நீ கெட்டிக்காரி’ என்ற வகைப் பாராட்டைக் கேட்ட பிள்ளைகள் அடுத்த சறுக்கலில் எளிதாகத் துவண்டார்கள். செய்த விதத்தையும் முயற்சியையும் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் அந்த அளவுக்குத் துவளவில்லை. அதனால் பட்டத்தை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: ‘மூணு தடவை நழுவியும் விடாம இழுத்தியே!’

பொத்தான் போடுவதைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்குங்கள். பெரிய பொத்தான் வைத்த, நன்றாகத் துவைத்து மெத்தென்றான பழைய சட்டையை எடுங்கள். புதுச்சட்டையில் காஜா விறைப்பாக இருக்கும். முதலில் அந்தப் பழைய சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டாம், பாயில் விரித்து வையுங்கள். பொத்தானைக் காஜாவுக்குள் பாதிவரை நீங்களே நுழைத்துவிடுங்கள். மறுபக்கம் எட்டிப்பார்க்கும் விளிம்பைப் பிடித்து இழுப்பது மட்டும் அவன் வேலை. அதாவது, முடித்துவைப்பவன் அவன். அது கைக்கு வந்ததும் நுழைப்பதையும் அவனிடம் விடுங்கள். அதன்பிறகுதான் சட்டையைப் போட்டுக்கொண்டு செய்வது. அப்போது கீழ்ப் பொத்தானில் தொடங்கட்டும், அதுதான் அவன் கண்ணுக்குத் தெரியும். கழுத்துப் பொத்தான் கடைசியில். ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம் போதும், அதுவும் சாயங்காலம். பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போது எந்தப் பிள்ளைக்கும் விரல் ஓடாது.

பெரும்பாலும் காரியம் கெடுவது இதற்குப் பிறகுதான். அவன் போட்டு முடித்ததை நாம் அவிழ்த்துச் சரிசெய்வோம். ‘நீ செய்தது செல்லாது’ என்று வாயால் சொல்ல வேண்டியதே இல்லை, அந்தக் கை சொல்லிவிடும். ஏறுக்குமாறாக இருந்தால் இருக்கட்டும். ஆச்சி வீட்டுக்கு ஒருநாள் அப்படியே போய்வரட்டும்.

தாள் கிழிப்பதற்கு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் வரையுங்கள். ‘அட, தேர்ச்சக்கரம் முட்டையாப் போச்சே! சரி, அடுத்த சக்கரத்த மெதுவாப் போடுவோம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் கோணும் என்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும்.

கேள்வி: மகன் கேரளாவில் வேலை பார்க்கிறான், மருமகள் பீடி சுற்றுகிறாள். ஐந்து வயதுப் பேத்தி பெரும்பாலும் என்னிடம்தான். கோயில் கொடைக்கு வந்த சொந்தக்காரர்கள், ‘அக்கா செவப்பு, நீ மட்டும் ஏட்டி இப்படிக் கருத்துப் போனே?’ என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து பவுடரை அள்ளி அப்பிக்கொள்கிறாள்.
- ஓர் ஆச்சி, முக்கூடல்

பதில்: கொடை வருஷா வருஷம் வரும், சொந்தக்காரர்களும் வருவார்கள். பேச்சை அந்த இடத்திலேயே, பிள்ளை காதுபட நிறுத்துங்கள். சண்டை வேண்டாம். ‘எங்க வீட்ல பிள்ளைய நெறம் சொல்லிப் பேசுறதில்ல மதினி’ என்ற ஒரு வரி போதும். அவர்கள் போனபிறகு தனியாகச் சமாதானம் சொன்னால், ‘அப்ப ஆச்சி சும்மாதான இருந்தா’ என்பதுதான் அவள் மனதில் நிற்கும்.

பவுடரைப் பிடுங்காதீர்கள். ‘அவங்க சொன்னது வருத்தமா இருந்துச்சாட்டி?’ என்று கேட்டுவிட்டு, அவள் வாய் திறக்கும்வரை பொறுங்கள். ‘நீயும் செவப்புதான்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கருப்பு குறைதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். உண்மையாக இருந்தால், ‘உன் நெறம் எங்க அம்மா நெறம்’ என்று சொல்லுங்கள். தினமும் அவளுக்கென்று ஒரு சின்ன வேலையும் வையுங்கள்: அவித்த பனங்கிழங்குக்குத் தோலுரிப்பது, கோழிக்குத் தீனி போடுவது. பீடித்தட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம், புகையிலைத் தூள் பிள்ளைக்கு ஆகாது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். பெற்றோரோ பாட்டியோ வேறு யாரோ, ஒருவராவது மாறாத அன்போடு கூட இருந்தது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. உங்கள் பேத்திக்கு அந்த ஆள் நீங்கள்.

கேள்வி: மூன்று வயது மகளை அங்கன்வாடியில் விட்டால் ஒரே அழுகை. விளையாடும்போது நைசாக நழுவி வந்துவிடலாமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: கூடாது. மறுநாள் விளையாடவே மாட்டாள், உங்களைக் காவல் காப்பாள். ஒரு முத்தம், ஒரு கையசைப்பு, கிளம்பிவிடுங்கள். வாசலில் நின்று எட்டிப்பார்க்காதீர்கள். மணி சொன்னால் அவளுக்குப் புரியாது. ‘சோறு சாப்பிட்டு, தூங்கி எந்திச்சதும் அப்பா வந்துருவேன்’ என்று சொல்லுங்கள், சொன்னபடி போய் நில்லுங்கள். முதல் சில நாள் ஒரு மணி நேரம், பிறகு மதியச் சாப்பாடு வரை, பிறகு முழு நேரம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். நான்கு வாரம் தாண்டியும் அங்கே சாப்பிடாமல், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டுங்கள்.

கேள்வி: என் நான்கு வயது மகள் தொட்டதற்கெல்லாம் சிணுங்குகிறாள். மனதில் தைரியமே இல்லையோ?
- வாசகி, தச்சநல்லூர்

பதில்: தைரியத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் தூக்கத்தைக் கணக்கெடுங்கள். 3, 4 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும், டிவியும் செல்போனும் சேர்த்து ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. சீரியல் முடிந்து 11 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழுந்தால் எட்டு மணி நேரம்தான் ஆகிறது. ஒரேயடியாக 8 மணிக்குப் படுக்கச் சொன்னால் அடம்தான் மிஞ்சும். இரண்டு நாளைக்கு ஒரு முறை 15 நிமிஷம் முன்னால் கொண்டுவாருங்கள். மாதம் ஒன்று போகட்டும், சிணுங்கல் குறைந்ததா என்று எழுதுங்கள்.