எந்த எண்ணெயை அளக்கும் மீட்டர் அது?

கேள்வி: குடிநீரில் டீசல் கலந்திருக்குமோ என்று சந்தேகம். கையில் இருக்கும் டிடிஎஸ் மீட்டரால் பார்க்கலாமா?

பதில்: முடியாது. அது நீரின் மின்கடத்துதிறனை வைத்து உப்பைக் கணக்கிடும் கருவி. எண்ணெய் அதன் கண்ணில் படாது. டீசல் வாடை வந்தால் குடிப்பதை நிறுத்துங்கள், ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எங்களுடையது சமையல் எண்ணெய் ஆலை. அதைச் சொல்லித்தான் கழிவுநீருக்குப் புற ஊதா ஒளிர்வு மீட்டர் வாங்கினோம். தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. சென்சாரில் பழுதே இல்லை என்கிறார் விற்றவர்.

பதில்: பழுது இல்லைதான். உங்களிடம் விற்றிருக்கவே கூடாத கருவி அது. புற ஊதா ஒளிபட்டு ஒளிர்வது பென்சீன் வளையமுள்ள சேர்மங்கள். அவை கச்சா எண்ணெயிலும் டீசலிலும் இருக்கின்றன. தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் அந்த வளையம் இல்லை.

இந்தத் தொழிலில் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. விளம்பரத் தாளில் ‘0–100 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), துல்லியம் 2%’ என்று போடுவார்கள். எந்த எண்ணெய், எந்த முறை என்று போடமாட்டார்கள். ஹெக்சேன் என்ற கரைப்பானில் எண்ணெயைப் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி, மிச்சத்தை எடைபோடும் முறையில் பெட்ரோலின் பெரும்பகுதி ஹெக்சேனோடு பறந்துவிடும். ஐஎஸ்ஓ 9377-2 என்ற சர்வதேசத் தரத்தின் வாயு நிறப்பிரிகை (சேர்மங்களை ஆவியாக்கித் தனித்தனியாகப் பிரிக்கும்) முறை, ஏறத்தாழ 10 முதல் 40 கார்பன் வரையுள்ள ஹைட்ரோகார்பன்களை மட்டும் கணக்கில் எடுக்கும். தாவரக் கொழுப்பை முன்பே வடிகட்டிவிடும். ஒளிச்சிதறல் கருவி, ஒளியைச் சிதறடிக்கும் துளிகளைப் பார்க்கும். கரைந்த எண்ணெயைப் பார்க்காது. ஒரே நீருக்கு மூன்று எண் வரும், மூன்றும் அதனதன் முறைப்படி சரி. நான் வாங்கிய ஒளிச்சிதறல் மீட்டர், குழாயில் துரு வந்தபோதெல்லாம் எண்ணெய் என்று அலறியது. விற்கும்போது துருவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை; பிறகு போனையே எடுக்கவில்லை.

உங்கள் தரப்பு வலுவானது. சமையல் எண்ணெய் என்று நீங்கள் எழுதிய கடிதம், விற்றவர் தந்த விலைப்புள்ளி, ஆய்வக முடிவு மூன்றையும் இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில். அடுத்த முறை உங்கள் கழிவுநீரையே ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஏற்கும் முறையில் ஆய்வகம் தரும் எண்ணோடு ஒத்துப்போன பிறகே பணம்.

கேள்வி: ஆய்வக எண் எங்கள் மீட்டரைவிட மிகக் குறைவு. மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, ஒரு வாரம் கழித்து அனுப்பினோம். மீட்டரைத் திருப்பித் தரலாமா?

பதில்: மீட்டரைக் குறை சொல்லும் முன் பாட்டிலைப் பாருங்கள். எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டும். மீதியை நுண்ணுயிர்கள் தின்னும். கண்ணாடிப் பாட்டில், பிஎச் 2-க்குக் கீழே வரும்படி அமிலம், குளிர்ச்சி. மாதிரி நீரால் பாட்டிலை அலசக் கூடாது. இவ்வளவும் ஆய்வகத்தின் குறிப்புத் தாளில் இருக்கும். படிக்காமல் அனுப்பிவிட்டுக் கருவியைத் திருப்புவது நியாயமில்லை.

கேள்வி: சிறு கப்பலுக்குப் பழைய 15 பிபிஎம் பில்ஜ் அலாரம் (கப்பலின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும்போது எண்ணெய் அந்த அளவைத் தாண்டினால் எச்சரிப்பது) மலிவாகக் கிடைக்கிறது. சான்றிதழ் தொலைந்துவிட்டதாம். முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பதில்: ஏன் கொடுத்தீர்கள்? 2005 ஜனவரி 1 முதல் பொருத்தப்படும் அலாரங்களுக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கடல் சூழல் பாதுகாப்புக் குழுவுடைய எம்இபிசி 107(49) தீர்மானப்படி வகை ஒப்புதல் (அந்த மாடலைச் சோதித்துத் தரும் அனுமதி) வேண்டும். அளவீட்டுச் சான்றிதழ் கப்பலிலேயே இருக்க வேண்டும். தாள் இல்லாத பெட்டியை ஆய்வாளர் ஏற்கமாட்டார். முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: பராமரிப்பே தேவைப்படாத சென்சார் எது?

பதில்: ஒளியியல் சென்சார்களில் அப்படி எதுவும் இல்லை. எண்ணெய் நீரில் கிடக்கும் கண்ணாடிச் சாளரத்தில் அழுக்கு படியத்தான் செய்யும். துடைப்பான், உதிரிகள், அளவுத் திருத்தம் மூன்றுக்கும் ஆண்டுச் செலவு கேட்டு, விலையோடு கூட்டிப் பார்த்து வாங்குங்கள்.