402 மீட்டருக்கு எந்த டர்போ?

கேள்வி: அண்ணா, என்னிடம் 2018 மாடல் ஆக்டேவியா விஆர்எஸ் இருக்கிறது. ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப் மட்டும் செய்திருக்கிறேன். சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு தினமும் வேலைக்குப் போவதும் இதில்தான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் 402 மீட்டர் டிராக் ரேஸ் (நேர்கோட்டு வேகப் பந்தயம்) ஓட்ட ஆசை. கம்பெனி டர்போவைவிடப் பெரிய ஐஎஸ்38 டர்போ போடலாமா, இல்லை அதைவிடப் பெரிய கேரெட் டர்போவா? 400 குதிரைசக்தி இல்லாமல் போகாதே என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: ஐஎஸ்38 போதும் தம்பி. அதையும் இந்த மாதமே வாங்க வேண்டாம், முதலில் டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை மாற்றுங்கள்.

டர்போ அளவை டைனோ (குதிரைசக்தியை அளக்கும் இயந்திரம்) பேப்பரில் வரும் உச்ச எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஆர்பிஎம் மீட்டரைப் பாருங்கள். அடுத்த முறை தடத்தில் ஓட்டும்போது அதை மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். ஒன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது முள் எதுவரை இறங்குகிறது? 6500-இல் மாறி 4000-க்கு வந்தால், 3500-க்குள் முழு பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) தரும் டர்போ உங்களுக்குச் சரி. கிளம்பிய பிறகு ஓட்டம் முடியும்வரை எஞ்சின் அதற்குக் கீழே வரப்போவதில்லை. 4500-க்கு மேல்தான் விழிக்கும் டர்போ என்றால் ஒவ்வொரு கியருக்கும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி ஏறினால் இது இன்னும் நன்றாகப் புரியும். பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் மிதிப்பீர்கள், ஒன்றும் நடக்காது, வளைவு பாதி முடிந்ததும் எல்லாம் மொத்தமாக வரும்.

சரி, 400-க்கு வருவோம். 2 லிட்டர் எஞ்சின் 300 குதிரைசக்தி தர நிமிடத்துக்குச் சுமார் 13.5 கிலோ காற்று வேண்டும். 6500 ஆர்பிஎம்மில், காற்று 55 டிகிரிக்குக் குளிர்ந்து வந்தால், 15 பிஎஸ்ஐ பூஸ்டிலேயே ஏறக்குறைய அவ்வளவும் உள்ளே போய்விடும். 400 வேண்டுமென்றால் பூஸ்ட் 25 பிஎஸ்ஐ பக்கம் போக வேண்டும். இங்கேதான் நம்ம ஊர் வெயில் குறுக்கே வருகிறது. மே மாத மதியம் 40 டிகிரிக் காற்றை 15 பிஎஸ்ஐக்கு அமுக்கினால், கம்ப்ரசர் 70 சதவீதத் திறனில் வேலை செய்தாலும் வெளியே வருவது 140 டிகிரியை ஒட்டி இருக்கும். 25 பிஎஸ்ஐயில் அதுவே 190. குளிர் நாட்டில் எடுத்த டைனோ எண்ணை வேலூரில் எதிர்பார்க்கக் கூடாது. 20 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் நம் 40 டிகிரிக் காற்றில் அடர்த்தியே 6 சதவீதம் குறைவு.

வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓபிடி ஸ்கேனரில் இன்டேக் (எஞ்சினுக்குள் போகும்) காற்றின் வெப்பத்தைப் பதிவு செய்து பாருங்கள். முதல் ஓட்டத்தில் 50 காட்டி, வரிசையில் நின்று மூன்றாவது ஓட்டத்துக்குப் போகும்போது 70-ஐத் தாண்டினால், ஈசியு நாக்கிங்குக்கு (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதற்கு)ப் பயந்து இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் லாயத்திலேயே நிற்கும். பெரிய இன்டர்கூலர் முதலில் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

அடுத்தது கியர்பாக்ஸ். உங்களுடையது 1.8 டிஎஸ்ஐ எஞ்சின் ஆக்டேவியாவாக இருந்திருந்தால் ஒரே வரியில் வேண்டாம் என்று முடித்திருப்பேன். அதிலுள்ள 7 கியர் டிரை கிளட்ச் பெட்டி 250 என்எம் டார்க்குக்கு மேல் தாங்கும்படி செய்ததல்ல. விஆர்எஸ்ஸில் 6 கியர் வெட் கிளட்ச், கம்பெனி டார்க்கே 350 என்எம். ஐஎஸ்38 போட்டால் டிஎஸ்ஜி (இந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) டியூனும் கட்டாயம், இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும். டியூனரிடம் கீழ் ஆர்பிஎம்மில் டார்க்கைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். முன் சக்கர வண்டியில் முதல் கியரில் அது டயரைத்தான் தேய்க்கும். நல்ல டயர் இரண்டு வாங்கினால் முதல் 60 அடியில் கிடைக்கும் லாபம் எந்த டர்போவிலும் கிடைக்காது.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாக. நீங்கள் வழக்கமாக எந்த பங்கில் எதை நிரப்புகிறீர்களோ அதற்கே டியூன் செய்யுங்கள். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் நாக்கிங்குக்கு நல்லதுதான். ஆனால் அதே காற்றுக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்) விழுகிறதா என்று ஸ்கேனர் பதிவில் பார்த்த பிறகே பூஸ்டை ஏற்றுங்கள்.

பழைய டர்போ வாங்கினால் ஷாஃப்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆடும், அது இயல்பு. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, சக்கரம் உறையில் உரசினாலோ விட்டுவிடுங்கள். என்னிடம் ஒருமுறை புது டர்போ போட்டு இரண்டே வாரத்தில் புகை கக்கிய வண்டி வந்தது. ஆயில் லைனைக் கழற்றினால், பாஞ்சோ போல்ட்டின் (நடுவே ஆயில் போகும் துளை உள்ள போல்ட்) துளையில் அரிசி அளவு சிலிகான் பேஸ்ட். வேறெங்கோ மாட்டியவர் கேஸ்கட்டுக்குப் பதில் அதை அப்பியிருந்தார். லட்சத்துக்கு மேல் ஆர்பிஎம்மில் சுற்றும் ஷாஃப்டுக்கு அந்த அரிசி போதும்.

இன்னொன்று, பள்ளிகொண்டா டோல் தாண்டி ராத்திரியில் "டெஸ்ட்" பண்ணுகிறவர்கள் உண்டு. அந்த டியூனிங்குக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுதித் தெரிவித்துவிடுங்கள், மறைத்தால் கிளெய்ம் சிக்கலாகும்.

மாட்டிய அன்று உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். அப்புறம் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, சில நொடிகள் இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை கிராங்க் செய்யுங்கள். ஆயில் டர்போ வரை போய்ச் சேர்ந்த பிறகு ஃபியூஸைப் போட்டால் போதும்.