எதிரணி எங்கே? வேலூர்ப் பக்கம் ரக்பி வளர்ப்பது பற்றிக் கேள்வி பதில்

சென்னையில் கிளப் அளவில் ரக்பி ஆடியவன் நான். இப்போது காட்பாடியில் இருந்துகொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். "நம்ம பக்கம் இந்த ஆட்டம் எடுபடுமா?" என்பதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

திருப்பத்தூரிலிருந்து ஒரு கடைக்காரர்: ரக்பி என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதிக்கொள்வார்களே, அதுதானே?

இல்லைங்க, அது அமெரிக்கன் ஃபுட்பால். ரக்பியில் அந்த ஹெல்மெட்டும் தோள் கவசமும் கிடையாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், காலால் முன்னே உதைக்கலாம். ஆனால் கையால் முன்பக்கம் வீசக் கூடாது, பக்கத்திலோ பின்னாலோ வருகிறவருக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து அழுத்தினால் அது டிரை, ஐந்து புள்ளி. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. பதினைந்து பேர் ஆட்டம் 80 நிமிடம். ஏழு பேர் ஆட்டம் பாதிக்கு 7 நிமிடமாக 14 நிமிடத்தில் முடிந்துவிடும். 2016 ரியோ ஒலிம்பிக்கிலிருந்து ஒலிம்பிக்கில் இருப்பது இந்த ஏழு பேர் ஆட்டம்தான். நமக்கும் அது போதும்.

காட்பாடியில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, 2025இல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது, சென்னை புல்ஸ் கோப்பையே வாங்கியது. எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. ஐபிஎல் மாதிரி விளம்பரம் செய்தால்தானே வளரும்?

தம்பி, விளம்பரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது இரண்டாவது வேலை. புரோ கபடி 2014இல் வந்தபோது கபடி ஏற்கனவே ஊர் ஊராக ஆடப்பட்ட ஆட்டம். டிவியில் பார்த்தவனுக்கு மறுநாள் இறங்கி ஆடத் தெருவிலேயே இரண்டு அணி இருந்தது. ரக்பி லீக் முழுக்க மும்பையில் நடந்தது. அதைப் பார்த்து ஆசைப்பட்ட வேலூர்ப் பையன் மறுநாள் யாரோடு ஆடுவான்?

இந்தியாவில் ரக்பியின் கதையே இதுதான். 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஆடினார்கள். அடுத்த மாதமே கிளப் ஆரம்பித்தார்கள். ஆட்களும் குவிந்தார்கள். கிளப்பில் இலவசமாக மது ஊற்றியதும் ஒரு காரணம் என்பார்கள்! அதை நிறுத்தியதும் கூட்டம் குறைந்தது. அப்புறம் அங்கே இருந்த பட்டாளம் வேறு ஊருக்கு மாறிப் போனது, எதிரணியும் போயிற்று. மிச்சம் இருந்தவர்கள் போலோ, டென்னிஸ் என்று போய்விட்டார்கள். ஐந்தாறு வருடத்தில் கிளப்பை மூடிவிட்டு, வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதிக்கொள்ளும் கல்கத்தா கோப்பை அதுதான். பாருங்கள், கிளப்பில் பணம் இருந்தது, மைதானம் இருந்தது, ஆசையும் இருந்தது. எதிரே நின்று ஆட ஆள் இல்லை.

மெட்ராஸிலும் ஜிம்கானா கிளப்பில் அந்தக் காலத்திலேயே ரக்பி உண்டு. ஆனால் கிளப் மதில் சுவரைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் வரவில்லை. கிரிக்கெட் வந்தது, ஹாக்கி வந்தது, இது வரவில்லை. அதனால் நான் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது: உன் அணி சரி, உன் எதிரணி யார்?

குடியாத்தத்திலிருந்து ஒரு பி.டி. மாஸ்டர்: எங்கள் பள்ளியில் இருப்பது ஒரு வாலிபால் கோர்ட்டும் அதைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும்தான். நூறு மீட்டர் மைதானத்துக்கு எங்கே போவது சார்?

போக வேண்டாம் சார். டேக் ரக்பியில் தொடங்குங்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரு நாடா தொங்கும். பந்து வைத்திருப்பவரின் நாடாவை உருவினால் அதுதான் டாக்கிள் (முழு ரக்பியில் ஆளைப் பிடித்து விழ வைப்பதற்கு அந்தப் பெயர்). தள்ளுவது, விழுத்தாட்டுவது எதுவும் இல்லை. பக்கத்துக்கு ஐந்து பேர் இருந்தால் உங்கள் வாலிபால் கோர்ட்டும் சுற்றி இருக்கும் மண்ணும் தாராளம். நாடாவுக்குக் காசு செலவழிக்காதீர்கள். தையல் கடையில் வெட்டுத்துணி கேட்டு வாங்கி, முழங்கை நீளத்துக்குக் கிழித்து, இடுப்பில் செருகினால் வேலை முடிந்தது. முடிச்சு மட்டும் போடக் கூடாது, இழுத்தவுடன் வர வேண்டும்.

பந்து நான்காம் அளவு வாங்குங்கள், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் சரி. ஜலந்தரில் செய்வது நன்றாகவே இருக்கிறது. ஒரு நல்ல கிரிக்கெட் மட்டை விலைக்கு வகுப்புக்கே பந்து வாங்கிவிடலாம் என்பதைத் தலைமை ஆசிரியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த ஒரு வாதத்தில் கிரிக்கெட்டை ஜெயிக்கலாம், வேறெதிலும் முடியாது.

முதல் வாரம் விதி எதையும் விளக்க வேண்டாம். "முன்னால் வீசாதே, நாடா போனால் பந்தை உன் அணி ஆளுக்குக் கொடு" என்ற இரண்டோடு விட்டுவிடுங்கள். பின்னோக்கிப் பாஸ் செய்யக் கைக்கு வரவே சில நாள் பிடிக்கும். கிரிக்கெட்டிலும் பாஸ்கெட்பாலிலும் முன்னால் வீசியே பழகிய கை அது.

அரக்கோணத்திலிருந்து ஒரு கபடி வீரர்: அண்ணா, நான் கார்னர் (பிடிக்கும் வரிசையில் ஓரத்து ஆள்) ஆடுகிறேன். ரக்பிக்கு மாறினால் எடுபடுமா?

மாறாதே, இரண்டையும் ஆடு. ஆனால் இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஜார்ஜியா என்று ஒரு நாடு, கருங்கடல் ஓரம். அங்கே லேலோ என்று ஒரு கிராமத்து ஆட்டம். பந்தை வைத்துக்கொண்டு இரண்டு ஊரே தள்ளுமுள்ளு செய்யும். ரக்பி அங்கே போனபோது, "இது நம்ம லேலோதானே" என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அவர்கள் தேசிய அணிக்கு லேலோஸ் என்றுதான் பெயர். மல்யுத்தம் பழகிய பையன்களையும் ரக்பிக்குள் கொண்டுவந்து உலகக் கோப்பை ஆடும் அணியாகிவிட்டார்கள். நமக்கு லேலோ கபடிதான்.

உனக்கு ஏற்கனவே வருவது: தாழ்ந்து போய்த் தொடையைக் கட்டிப் பிடிப்பது, பக்கத்து ஆளோடு சேர்ந்து நகர்வது, மோதலுக்குப் பயப்படாதது. கிரிக்கெட் பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வருடம் ஆகும்.

நீ மாற்றிக்கொள்ள வேண்டியது மூன்று. முதலாவது, பிடித்தால் விடக் கூடாது என்பது கபடி. ரக்பியில் ஆளைத் தரையில் விழ வைத்த கணமே விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் பெனால்டி. கபடியிலிருந்து வரும் எல்லோரும் முதல் சில ஆட்டங்களில் இதில்தான் மாட்டுவார்கள். இரண்டாவது, கணுக்காலை மட்டும் பிடித்து இழுக்கும் பழக்கம். வேகமாக ஓடுகிறவனிடம் அது உதை வாங்கித் தரும். தோளை அவன் தொடையில் பதித்து, இரு கையாலும் சுற்று, உன் தலை அவன் பின்பக்கம் இருக்கட்டும். மூன்றாவது மூச்சு. கபடிக் களம் 13 மீட்டர் நீளம். இங்கே ஏழு பேர் ஆட்டத்துக்கும் அதே 100 மீட்டர் மைதானம். தினமும் காலையில் ஓடு.

சத்துவாச்சாரியில் பளு தூக்கும் ஒருவர்: எங்கள் ஊர் வெயிட்லிஃப்டிங் ஊர். எங்களுக்கு இதில் இடம் உண்டா?

சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 என இரண்டு காமன்வெல்த் விளையாட்டுகளில் தங்கம் வாங்கிய ஊராயிற்றே, கேட்கவா வேண்டும்! ஸ்க்ரமில், அதாவது இரண்டு அணியும் தோள் கோத்துப் பந்துக்காக முட்டித் தள்ளும்போது, தள்ளுவதற்கு வேண்டிய இடுப்பும் காலும் உங்களிடம் இருக்கிறது. ஓடத் தயார் என்றால் வாருங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தாய்: பெண்ணுக்கு 13 வயது. ஓட்டத்தில் நன்றாக வருவாள். ரக்பிக்கு அழைக்கிறார்கள். அடிபடாதா? அதுவும் பெண் பிள்ளை...

அம்மா, அடிபடும். அதை மறைத்துச் சொல்கிற பயிற்சியாளரிடம் பெண்ணை அனுப்பாதீர்கள். ஆனால் 13 வயதில் டேக் ரக்பி ஆடினால், சிராய்ப்பும் சுளுக்கும் கோகோவில் வருகிற அளவுதான். டாக்கிள் உள்ள ஆட்டத்துக்குப் போகும்போது நீங்கள் பயிற்சியாளரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். எப்படி விழுவது என்பதைப் பாயில், முட்டி போட்டபடி, முதலில் சொல்லிக் கொடுத்தார்களா? தலையில் அடிபட்டால் என்ன செய்வார்கள்? இரண்டாவதற்குச் சரியான பதில் ஒன்றே ஒன்று: சந்தேகம் வந்தாலே வெளியே, அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது, டாக்டர் பார்க்க வேண்டும். உலக ரக்பி அமைப்பின் விதிப்படி, மூளை அதிர்ச்சி என்றால் சாதாரண வீரர்கள் மறுபடி போட்டி ஆடக் குறைந்தது மூன்று வாரம் ஆக வேண்டும். "தண்ணி தெளிச்சா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெண் பிள்ளை என்றீர்களே, என் கணக்கில் இந்தப் பக்கம் ரக்பி பெண்களால்தான் முதலில் வளரும். ஆண்கள் ரக்பியில் வங்காளமும் ஒடிசாவும் நமக்கு வெகு தூரம் முன்னால். பெண்கள் ஆட்டம் எல்லோருக்குமே புதிது. இந்தியப் பெண்கள் அணி பதினைந்து பேர் சர்வதேச ஆட்டத்தில் முதல் முறை இறங்கியதே 2018இல். மறு வருடமே மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று ஜெயித்தார்கள். பீகாரின் ஸ்வீட்டி குமாரி உங்கள் பெண்ணைப் போல ஓட்டப் பந்தயத்திலிருந்து வந்தவர்தான். இன்று ஆசியாவின் வேகமான வீராங்கனைகளில் ஒருவராகப் பேசப்படுகிறார்.

நடைமுறையில் பெற்றோர் தயங்குவது அடிக்காக அல்ல, அரைக்கால் சட்டைக்கும், இருட்டிய பிறகு பஸ்ஸில் திரும்புவதற்கும். முழு நீள டைட்ஸ் போட்டு ஆட எந்தத் தடையும் இல்லை. பயிற்சியைப் பள்ளி நேரத்தை ஒட்டியே வைத்தால் இரண்டாவதும் தீரும்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்: தோல் ஊர் நாங்கள். ரக்பி பந்து நாங்களே செய்ய முடியாதா?

நூறு வருடம் முன்னால் கேட்டிருந்தால் முடியும் என்றிருப்பேன். அந்த முட்டை வடிவமே பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதித் தோலால் மூடியதில் வந்ததுதான். இன்று பந்தின் மேல்பாகம் செயற்கை ரப்பர், மழையில் வழுக்காமல் இருக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளோடு வரும். தோல் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். ஆனால் ஷூ உங்கள் கையில் இருக்கிறது. நம் மண்தரைக்கு ஏற்ற, குட்டையான ரப்பர் குமிழ் வைத்த, பிள்ளைகள் அளவு விளையாட்டு ஷூ மலிவாகக் கிடைப்பதில்லை. செய்து கொடுத்தால் முதல் வாடிக்கையாளர் நான்.

வேலூரிலிருந்து ஒரு மாணவர்: பாலாற்று மணலில் ஆடலாமா?

ஆடலாம். கடற்கரை ரக்பி என்று ஐந்து பேர் ஆட்டமே இருக்கிறது. விழுந்தாலும் வலிக்காது, டாக்கிள் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கண்ணாடிச் சில்லும் கருவேல முள்ளும் இருக்கிறதா என்று எல்லோருமாக ஒரு நடை நடந்து பொறுக்கிவிட்டு இறங்குங்கள். ஆலைக் கழிவு தேங்கும் இடத்துப் பக்கமே போக வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சோளிங்கரிலிருந்து ஒரு தந்தை: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, சீட்டு கிடைக்குமா?

அந்தந்த ஆண்டு அறிவிப்பில் எந்தெந்த ஆட்டம், எந்த அளவிலான போட்டி என்று பட்டியல் வரும். அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், யார் வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டாம், என்னுடையதையும் சேர்த்து. சான்றிதழ் அசல்களைப் பத்திரமாக வையுங்கள். பீகார் அரசு பதக்கம் வாங்கியவர்களுக்கு நேரடியாக வேலை கொடுத்தது, ரக்பிப் பெண்களும் அதில் உண்டு. அங்கே ஆட்டம் வேகமாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கோட்டாவுக்காக மட்டும் சேர்க்கும் பிள்ளை பிளஸ் டூ முடிந்ததும் நின்றுவிடும்.

வாலாஜாவிலிருந்து இரண்டு நண்பர்கள்: சார், எங்களிடம் ஒரு பந்து இருக்கிறது, ஒன்பது பையன்கள் இருக்கிறார்கள். அடுத்து என்ன?

பத்தாவது பையனைத் தேடாதீர்கள், அடுத்த ஊரைத் தேடுங்கள். நம் பக்கத்துக்கு ஒரு வசதி உண்டு. அரக்கோணம், சோளிங்கர், வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை எல்லாம் ஒரே ரயில் பாதை. வேன் வாடகை வேண்டாம், பாசஞ்சர் டிக்கெட் போதும். ஊருக்கு ஒரு அணி, மாதம் ஒரு ஞாயிறு, ஒரே இடத்தில் நான்கு அணி. 14 நிமிட ஆட்டம் என்பதால் ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் ஆடி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். கோப்பை, பேனர், சிறப்பு விருந்தினர் எதுவும் முதல் வருடம் வேண்டாம். விருந்தினர் வரத் தாமதமானால் பிள்ளைகள் வெயிலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

மேலே கேள்வி கேட்ட குடியாத்தம் மாஸ்டரிடம் உங்கள் நம்பரைக் கொடுக்கட்டுமா? அவரிடம் மண் இருக்கிறது, உங்களிடம் பந்து இருக்கிறது. காலாண்டுத் தேர்வு முடிந்த முதல் ஞாயிறு காட்பாடியில் வைத்துக்கொள்வோம், விசில் நான் கொண்டு வருகிறேன். அரக்கோணத்துக் கபடித் தம்பி, நீயும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வா.