பாடக்குறிப்பு எழுதுவது எப்படி? புது ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

நடுநிலைப் பள்ளியில் 30 வருடம் கணக்கு எடுத்தவன். வகுப்பில் என்ன செய்யப்போகிறோம் என்று ஆசிரியர் முன்கூட்டியே எழுதிக்கொள்வதுதான் பாடக்குறிப்பு. அதைப்பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கேள்வி: ஐயா, ஆறாம் வகுப்புக் கணக்குக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பி.எட்.டில் எழுதியது மாதிரி எழுதினால் ஒரு பாடத்துக்கே மூன்று பக்கம் போகிறது.

பதில்: ஒரு பக்கம் போதும்மா. நீங்கள் பேசப்போவதை எழுதாதீர்கள், பிள்ளைகள் செய்யப்போவதை எழுதுங்கள். "பின்னங்களை அறிதல்" என்று நோக்கம் எழுதினால், அறிந்தானா இல்லையா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? "1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்று காரணத்தோடு சொல்வான்" என்று எழுதினால் பார்க்கலாம்.

அப்புறம், எங்கே தடுக்கி விழுவார்கள் என்று எழுதுங்கள். மூன்றைவிட நான்கு பெரியது, அதனால் 1/4தான் பெரியது என்று நிறையப் பேர் கை தூக்குவார்கள். 1/2 + 1/3 கொடுத்தால் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்பார்கள். தப்பு என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டை எடுத்து, ஒன்றில் பாதியையும் இன்னொன்றில் 2/5ஐயும் மடிக்கச் சொல்லுங்கள். கூட்டின பிறகு பாதியைவிடக் குறைந்துவிட்டதே என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்தப் பட்டைகளை முந்தின நாளே வெட்டி வைக்கத்தான் பாடக்குறிப்பு. கடைசி ஐந்து நிமிடம் ஒரே ஒரு கணக்கு, எல்லாரும் போட்டுக் காட்டட்டும்.

கேள்வி: ஈராசிரியர் பள்ளி. மூன்று வகுப்பும் என்னிடம். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் ஆசிரியர் கையேடு இருக்கிறதே, பாடக்குறிப்பு தனியாக எழுத வேண்டுமா?

பதில்: என்னைக் கேட்டால், வேண்டும். தொடக்கக் கற்றல் நிலையான அரும்புப் பிள்ளைகளோடு நீங்கள் உட்காரும் 15 நிமிடம், அடுத்த நிலைகளான மொட்டும் மலரும் என்ன செய்யும்? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பை அப்படியே எழுதிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அதை எழுதியவருக்கு உங்கள் பிள்ளைகளைத் தெரியாது.

கேள்வி: சார், எனக்கு 22 வருட சர்வீஸ். குறிப்பெல்லாம் ஆய்வுக்கு வருகிறவர்களுக்காகத்தான். அனுபவம் வந்தால் பாடம் தானாக வரும். புதுசாக வந்தவர்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: உங்களுக்குத் தானாக வருகிறது, சார். அந்த 2/5ஐ எத்தனை வருடம் பார்த்திருப்பீர்கள்! நேற்று சேர்ந்தவர் அதை முதன்முறை பார்க்கும்போது 40 பிள்ளைகள் எதிரே இருப்பார்கள். நான் முதல் வருடம் குறிப்பில்லாமல்தான் போனேன். மணி அடிக்கும்வரை நானே பேசினேன். யாருக்கும் புரியவில்லை என்பது காலாண்டுத் தேர்வில்தான் தெரிந்தது. அந்த மூன்று மாதத்தை அந்தப் பிள்ளைகளுக்கு என்னால் திருப்பித் தர முடியவில்லை.

கேள்வி: (அதே ஆசிரியர்) எமிஸில் (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடு) விவரங்களை ஏற்றவே நேரம் போதவில்லை. எப்போது எழுதுவது?

பதில்: அது நியாயமான குறை, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் ஒரு பக்கம் என்றேன். நேரமே இல்லாத நாளில் இரண்டு வரி: பிள்ளை என்ன செய்வான், எங்கே தவறுவான். உங்கள் 22 வருடத்தில் பார்த்த தவறுகளை ஒரு நோட்டில் எழுதிப் பக்கத்து வகுப்புப் புது ஆசிரியரிடம் கொடுங்கள், சார். கையேட்டில் அது கிடைக்காது.

கேள்வி: டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாளுக்குப் பாடத்திட்டம் எது?

பதில்: ஆசிரியர் தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

கேள்வி: எத்தனை பக்கம் எழுத வேண்டும்?

பதில்: ஒரு பக்கம். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நண்பர் அனுப்பிய குறிப்பைக் கொஞ்சம் மாற்றி எழுதினால்?

பதில்: மறுபடியும் நகலா? வேண்டாம்.

கேள்வி: திட்டமிட்டது 40 நிமிடத்தில் முடியாவிட்டால்?

பதில்: நடுவில் நிறுத்துங்கள். கடைசிக் கணக்கை மட்டும் விடாதீர்கள். எங்கே நின்றது என்று ஓரத்தில் தேதி போட்டு எழுதிவிட்டு, நாளைக்கு அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.