சூடானதும் இழுக்காத பழைய டோசர்

கியர்பாக்ஸை இப்போதே இறக்காதீங்க அண்ணே. உங்க டோசர் (மண் தள்ளுற வண்டி) காலையில நல்லா ஓடி, எண்ணெய் சூடானதும் முன்னும் பின்னும் எல்லா கியரிலும் இழுவை போகுதுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு கியர் மட்டும் வழுக்கினா அந்த கியரைப் பிடிக்கிற டிஸ்க் அடுக்கை, அதாவது கிளட்ச் பேக்கைச் சந்தேகப்படலாம். எல்லாம் சேர்ந்து போனா எண்ணெய் பிரஷர்தான் விழுது: பம்புக்குப் போற எண்ணெயை வடிகட்டுற சக்‌ஷன் ஸ்க்ரீன் அடைப்பு, காற்று இழுப்பு, இல்லேன்னா தேய்ந்த பம்ப்.

முதல்ல ஸ்க்ரீனைக் கழற்றி வெள்ளைத் துணியில தட்டிப் பாருங்க. கறுப்பு ரப்பர் துணுக்கு வந்தா சீல் போயிருக்கு. வெண்கல நிறத்துல மினுங்குற தூள் வந்தா கிளட்ச் டிஸ்க் தேயுது. பினாங்கு பாலேக் பூலாவ் மேட்டில் நான் பார்த்த வண்டியில சக்‌ஷன் ஹோஸின் உள்தோல் மடிஞ்சு கிடந்தது. வெளியே புதுசு மாதிரி இருந்தது, அதுல ரெண்டு நாள் போச்சு.

அப்புறம் சூட்டோட கேஜ் மாட்டிப் பிரஷர் எடுங்க. பிளேடு தரையில, பார்க்கிங் பிரேக் போட்டு. எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணீர் கலந்திருக்கு, எண்ணெயைக் குளிர வைக்கிற கூலரைப் பார்க்காம ஓட்டவே வேண்டாம்.