பின் ஆர்ம் பேரிங்: கேட்டவையும் சொன்னவையும்

கே: பழைய பூஜோ 206 கார் வைத்திருக்கிறேன். பின் டயர்களில் உள் ஓரம் மட்டும் மொழுக்கென்று தேய்கிறது. இரண்டு தடவை அலைன்மென்ட் பார்த்தாயிற்று.

ப: மூன்றாவது தடவை வேண்டாம். அந்த வண்டியில் பின் சக்கரச் சாய்வைத் திருத்திவைக்க வழியே கிடையாது. சமதளத்தில் நிறுத்திவிட்டு, பத்தடி பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து பாருங்கள். சக்கரத்தின் தலை கொஞ்சம் உள்ளே சாய்ந்திருப்பது புது வண்டியிலேயே உண்டு. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகச் சாய்ந்திருந்தால் அந்தப் பக்க ஆர்ம் பேரிங்கை, அதாவது பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையின் பேரிங்கை, சந்தேகப்படலாம். அப்புறம் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கட்டும். ஆர்மும் சேர்ந்து அசைந்தால் ஆர்ம் பேரிங். சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங்.

கே: பேரிங் மட்டும் மாற்றினால் போதாதா? மெக்கானிக் ஷாஃப்டும் (ஆர்ம் அசைவதற்கான அச்சு) வேண்டும் என்கிறார்.

ப: அவர் சொல்வதைக் கேளுங்கள். இதில் இருப்பது நீடில் பேரிங். அதன் ஊசி உருளைகள் ஷாஃப்டின் மேலேயே உட்கார்ந்து ஓடுகின்றன. ஓடுகின்றன என்பதுகூடச் சரியில்லை; ஆர்ம் முழுச் சுற்றுச் சுற்றுவதே இல்லை, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். அதனால் அதே ஊசிகள் அதே இடத்தையே வருடக்கணக்காக அழுத்துகின்றன. சீல் கிழிந்து தண்ணீர் இறங்கினால் கிரீஸ் செம்மண் சேறுபோல ஆகிவிடும். ஷாஃப்டைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால் சுமை விழும் பக்கத்தில் சீப்புப் பல் பதிந்த மாதிரி வரிவரியாகப் பள்ளம் தெரியும், எதிர்ப்பக்கம் பளபளவென்றிருக்கும். குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் ஷாஃப்டை மாற்றியே ஆக வேண்டும். காசு மிச்சம் என்று பழைய ஷாஃப்டிலேயே புது பேரிங் போட்டு நானும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன். சக்கரம் மறுபடி சாய்ந்துவிட்டது. பேரிங் உட்காரும் ஆக்சில் குழாயையும் பாருங்கள். அது அரிபட்டிருந்தால் ஆக்சிலையே மாற்றுவதுதான் வழி.

கே: நானே கழற்றலாமா?

ப: அழுத்தி ஏற்றும் பிரஸ்ஸும் இழுத்து எடுக்கும் புல்லரும் கைவசம் இருந்தால் கழற்றலாம். முதலில் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டார்ஷன் பாரை (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும், நுனியில் பல் வெட்டிய கம்பி) உருவும் முன் அதன் நுனியிலும் ஆர்மிலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டியின் உயரம் மாறிவிடும். இடது பாரையும் வலது பாரையும் கலந்துவிடாதீர்கள்.

கே: என்னுடையது பழைய மினி கார். அதற்கும் இதே வேலைதானா?

ப: இல்லை. அதன் ஆர்மில் உள்பக்கம் நீடில் பேரிங், வெளிப்பக்கம் வெண்கலப் புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்). புஷ்ஷை அழுத்தி ஏற்றிய பிறகு, பேரிங்கோடு ஒரே நேர்கோட்டில் வரும்படி ரீமர் (துளையைச் சரியான அளவுக்குக் குடையும் கருவி) விட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான ரீமர் வீட்டில் இருக்காது, லேத் பட்டறையில் கொடுங்கள். ஆனால் மினியில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) உண்டு, அதை மறக்காமல் பயன்படுத்துங்கள்.

கே: மேடுபள்ளத்தில் கிறீச் கிறீச் என்கிறது. எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் நிற்குமா?

ப: நிற்கும், அடுத்த மழை வரை.